மிரியம் மக்கேபா: கூட்டிசையில் விளைந்த குரல்

தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் நகரையடுத்த புராஸ்பெக்ட் என்னும் கறுப்பர் குடியிருப்பில் 1932ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி பிறந்த ஒரு பெண் சிசு, பிறந்த பதினெட்டாம் நாள் தாயின் கையிலிருந்தபடியே சிறைக்குள் புகுந்தது. மாவையும் முளைகட்டிய தானியத்தையும் புளிக்கவைத்து வடிக்கும் 'உம்கொம்போதி' என்ற வீட்டு மதுவைத் தயாரித்து விற்றதுதான் அத்தாய் செய்த குற்றம். கறுப்பர் தம் வீட்டில் மது வடிக்கலாகாது என்பது அக்காலத்துச் சட்டம். சிறிய அபராதம் ஒன்றைச் செலுத்தியிருந்தால் அவளை விட்டிருப்பார்கள். அந்தச் சிறு தொகையும் அக்குடும்பத்தின் கையில் இல்லை. ஆகவே தன் ஆயுளின் முதல் ஆறு மாதங்களை அக்குழந்தை சிறைச்சுவர்களுக்குள்ளேயே கழித்தது. அதன் பெயர் ஸென்ஸிலே. பிரசவம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற எச்சரிக்கை இருந்தும் கருவுற்று, பெற்றபின் துவண்டு கிடந்த மகளின் அருகிலிருந்து, 'நீயே தேடிக்கொண்டது' என்ற பொருள்பட ஹோசா மொழியில் 'உஸென்ஸிலே' என்று பாட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தாளாம். அந்த முணுமுணுப்பே பேத்திக்குப் பெயராயிற்று. உலகம் பிற்காலத்தில் அவரை மிரியம் மக்கேபா என்று அறிந்தது.

சிறையில் வளர்ந்த அச்சிசு முப்பது வயதில் அமெரிக்க ஜனாதிபதியின் பிறந்தநாள் விழாவில் பாடியது என்று கதையைத் தொடங்கிக் கைதட்டலோடு முடிப்பது, அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அக்கதை மெய்யானதே, மனத்தைத் தொடுவதுமாம். ஆயினும் அந்தக் குரல் எங்கே பயின்றது, எவ்விதம் உருவாயிற்று, அதற்கு அத்தகைய சக்தி எங்கிருந்து வந்தது என்னும் கேள்விகளுக்கு அதில் விடை கிடைப்பதில்லை. மிரியத்தின் பால்யத்தையும் யௌவனத்தையும் சற்று நிதானமாக ஆராய்ந்தால் ஒன்று புலப்படும்: அவர் தம் இருபத்தேழாம் வயதுவரை பெரும்பாலும் கூட்டத்தினிடையே நின்று பாடியவர். வீட்டிலும் கோயிலிலும் பள்ளியிலும் பாட்டுக்குழுவிலும் பல குரல்களுள் ஒரு குரலாக இருந்தே அவர் கலையைக் கற்றார். அவரைத் தனித்து நிற்கச் செய்தது அவருடைய நாட்டின் அரசாங்கம். இதுவே இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்பும் கருத்து.

தாய் கிறிஸ்டினா சுவாஸி இனத்தவர். பிழைப்புக்கு வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார். தம் ஜனங்களிடையே 'சங்கோமா' என்னும் ஸ்தானத்தில் இருந்தார். சங்கோமா என்றால் வெறும் நாட்டு வைத்தியர் என்று கொண்டுவிடலாகாது. முன்னோரின் ஆவியை வரவழைத்து, நோயின் காரணத்தை அறிந்து, மருந்தும் மந்திரமும் சொல்பவர் அவர். பாட்டும் முழவும் இல்லாமல் அச்சடங்கு நடவாது. அச்சொல்லின் வேரிலேயே 'ங்கோமா', அதாவது முழவு அல்லது பாட்டு என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. சங்கோமா ஓர் அடி பாட, சூழ்ந்திருப்போர் மறு அடியால் எதிர்கொள்ள, பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக அனைவருடையதும் ஆகிவிடும். தந்தை காஸ்வெல் ஹோசா இனத்தவர். ஆசிரியத் தொழில் தெரிந்தவர். பியானோ வாசிப்பார், ஒரு பாட்டுக்குழுவிலும் பாடினார். மிரியத்துக்கு ஆறு வயதானபோது அவர் இறந்துபோகவே, தாய் ஜோஹானஸ்பர்கில் வேலைக்குப் போக, குழந்தை பிரிட்டோரியா அருகே பாட்டி வீட்டில், ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகளின் பெருங்கூட்டத்தினிடையே விடப்பட்டது. வீட்டில் மூத்தவர் ஒருவர் டியூக் எலிங்டன், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகியோரின் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். தாயின் சடங்குப் பாட்டும் அமெரிக்க ஜாஸும் ஒரே செவியில் ஒரே காலத்தில் விழுந்தன.

பிரிட்டோரியாவில் மெதடிஸ்ட் சபையார் 1886இல் நிறுவிய கில்னர்ட்டன் கலாசாலையில் மிரியம் எட்டாண்டு படித்தார். அக்காலத்தில் கறுப்பர்க்குக் கிடைத்த கல்வியெல்லாம் பெரும்பாலும் இத்தகைய மிஷன் பள்ளிகளின் மூலமே கிடைத்தது. 1953ஆம் ஆண்டின் பாண்டுக் கல்விச் சட்டம் அப்பள்ளிகளை அரசாங்கத்தின் பிடிக்குள் கொண்டுவந்து நெரிக்கும்வரை, தென்னாப்பிரிக்காவின் தலைவர்களும் எழுத்தாளர்களும் பாடகர்களும் உருவான இடங்கள் அவை. அங்கே கீர்த்தனைக் குழுவில் ஹோசா, சோத்தோ, சூலு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பாட்டுகள் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் பேசத் தெரியுமுன்பே மிரியம் ஆங்கிலத்தில் பாடக் கற்றுக்கொண்டார். இச்செய்தியைப் பலர் வியப்புக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கோ அவருடைய கலையின் திறவுகோலே இங்குதான் இருப்பதாகத் தோன்றுகிறது. பொருள் விளங்காத சொல்லை ஓசையாகப் பிடித்து, நாவின் இடமும் மூச்சின் அளவும் பிசகாமல் திருப்பிச் சொல்லும் சாதகம் சிறுவயதில் வாய்த்தவர்க்கு, மொழி எதுவாயினும் அதன் தொனி வசப்படும். பிற்காலத்தில் அவர் பல நாடுகளின் பாட்டுகளை அந்தந்த மொழியிலேயே பாடியபோது, அம்மொழிக்காரர்கள் அந்நியக் குரலைக் கேட்பதாக உணரவில்லை.

1947இல் ஆங்கில மன்னர் ஆறாம் ஜார்ஜ் தென்னாப்பிரிக்காவுக்கு விஜயம் செய்தார். அவர் முன்னிலையில் பாடுவதற்காக மிரியத்தின் குழுவும் பயிற்சி பெற்று வழியோரம் காத்து நின்றது. மன்னரின் ஊர்தி நில்லாமல் போய்விட்டது. பிள்ளைகள் பாட ஆயத்தமாக நின்றபடியே நின்றார்கள். அடுத்த ஆண்டு, 1948இல், தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, இன ஒதுக்கலை அரசாங்கத்தின் சித்தாந்தமாகவே பிரகடனம் செய்தது.

மிரியத்தின் இளமை துன்பங்களால் சுருங்கியது. 1949இல் மணம் முடித்தார். 1950இல் போங்கி என்னும் ஒரே மகளைப் பெற்றார். அதற்குச் சிறிது காலத்திற்குள் மார்பகப் புற்றுநோய் கண்டது. கணவர் விட்டுப் பிரிந்தார். நோய்க்குத் தாயே சிகிச்சை செய்தார். மிரியம் பிழைத்தெழுந்தார். ஒரு குழந்தையின் தாயாக, கணவனற்றவளாக, வெள்ளையர் வீட்டு வேலைக்காரியாக அவருடைய ஆயுள் முடிந்திருக்கக்கூடும். அத்தகைய நல்ல குரல்கள் எத்தனையோ அந்நாட்டில் அவ்விதம் மறைந்துபோயின.

அவரைக் காத்தது மறுபடியும் கூட்டிசையே. முதலில் கியூபன் பிரதர்ஸ் என்னும் ஆண்களின் குழுவில் சேர்ந்தார். பிறகு, தம் இருபதுகளின் தொடக்கத்தில், அக்காலத்தில் தேசப்பிரசித்தி பெற்றிருந்த மன்ஹாட்டன் பிரதர்ஸ் குழுவினர் அவரை அழைத்துக்கொண்டார்கள். நால்வரோ ஐவரோ நெருங்கி நின்று, ஒரு ஸ்வரத்துக்கு மற்றொரு ஸ்வரம் இசைவாக அடுக்கிப் பாடும் அமெரிக்கக் கறுப்பர் பாணியை இக்குழுக்கள் இசைத்தட்டுகளிலிருந்து கற்று, அதில் தம் நாட்டு மராபி இசையின் தாளச்சுற்றையும் சூலு ஹோசாச் சொற்களையும் கலந்தன. மராபி என்பது நகரக் குடியிருப்புகளின் கள்ளத்தனமான மதுக்கடைகளில், 'ஷெபீன்' என்று வழங்கும் வீடுகளில், பியானோவிலும் வாத்தியப்பெட்டியிலும் பிறந்த சங்கீதம். சட்டத்துக்குப் புறம்பான வீட்டு மது மிரியத்தின் தாயைச் சிறைக்கு அனுப்பியது. அதே மது விற்ற வீடுகள் மகளின் சங்கீதத்துக்குத் தொட்டிலாயின. கறுப்பரும் பிறரும் கலந்து வாழ்ந்து, எழுத்தும் இசையும் செழித்த சோஃபியாடவுன் அந்த உலகத்தின் நடுநாயகமாக விளங்கிற்று. 1955 முதல் அரசாங்கம் அதன் குடிகளைப் பலவந்தமாக அப்புறப்படுத்தி, வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியது.

இங்கே ஒரு பாட்டின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மக்கே தவாஷே என்னும் இசைவாணர் இயற்றிய 'லாகுட்ஷொனா இலாங்கா' என்ற பாட்டு, மன்ஹாட்டன் பிரதர்ஸுடன் மிரியம் பாடியதால் புகழ்பெற்றது. தலைப்பின் பொருள் 'கதிரவன் சாயும்போது' என்பது. அந்தி சாய்ந்தும் வீடு திரும்பாத காதலியைச் சிறைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேடிச் செல்லும் ஒருவனின் பாட்டு அது. காதற்பாட்டில் சிறைச்சாலை எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தோன்றலாம். கறுப்பர் அனுமதிச் சீட்டுடன்தான் நகரத்தில் நடமாடலாம், சீட்டில்லாதவரைப் போலீஸார் எந்த நேரத்திலும் பிடித்துப் போகலாம் என்றிருந்த ஜோஹானஸ்பர்கில், வீடு திரும்பாதவரைத் தேடும் முதல் இடம் சிறைதான். இப்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட விரும்பிய காலொடோன் கம்பெனியார், 1956இல், மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு பொருளை அடியோடு மாற்றினார்கள். சிறையும் ஆஸ்பத்திரியும் நீங்கி, அழகிய கண்களால் பொய் பேசும் காதலரைப் பற்றிய மெல்லிய பாட்டாக அது 'லவ்லி லைஸ்' என்ற பெயருடன் வெளிவந்தது. அமெரிக்கப் பில்போர்டு பத்திரிகையின் நூறு பாட்டுப் பட்டியலிலும் ஏறியது. வெற்றி என்று உலகம் கொண்டாடும் பொருளுக்காக அக்கலைஞர் எதை விட்டுக்கொடுக்கும்படி நேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

அதே 1956இல் மிரியத்தை நடுவாக வைத்து ஸ்கைலார்க்ஸ் என்னும் பெண்கள் குழு அமைந்தது. அபிகெய்ல் குபேக்கா, மேரி ராபொடாபி முதலிய இளம்பெண்கள் அதில் பாடினார்கள். இக்குழுவின் பதிவுகளைக் கேட்பவர், பிற்காலத்து மிரியத்தை மட்டும் அறிந்தவராயின், வியப்படைவார். தலைமைக் குரல் ஒன்று முன்னே போகும். மற்றவை அதை அடியொற்றியும், குறுக்கிட்டும், மேலே தூக்கிப் பிடித்தும் வரும். எங்கே மிரியம் முடிகிறார், எங்கே தோழியர் தொடங்குகிறார்கள் என்று பிரித்தறிவது சில இடங்களில் கடினம். சங்கோமாவின் அடியும் எதிரடியும், கோயில் கீர்த்தனையின் குரலடுக்கும், அமெரிக்கத் தட்டுகளின் நளினமும் இங்கே ஒன்றாய்க் குழைந்திருக்கின்றன. அவருடைய ஆயுளிலேயே பரிபூரணமான சங்கீதம் இதுதான் என்பது என் துணிபு. எத்தனையோ தட்டுகள் விற்றும், விற்பனையில் பங்கு என்று ஒரு காசும் அவருக்குக் கிட்டவில்லை.

1959 அவர் வாழ்க்கையைத் திருப்பிய ஆண்டு. பிப்ரவரியில், ஜோஹானஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்டு சர்வகலாசாலையின் பெரிய மண்டபத்தில், குத்துச்சண்டை வீரர் எஸெக்கியெல் தலாமினியின் சரித்திரத்தைக் கூறும் 'கிங் காங்' என்னும் இசைநாடகம் அரங்கேறியது. டாட் மட்ஷிகீஸா இசையமைத்த அந்நாடகத்தில் ஷெபீன் நடத்தும் பெண்ணாக மிரியம் நடித்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து அதைக் கண்டார்கள். இதற்கு முன்பே, லயனல் ரொகோஸின் என்னும் அமெரிக்கர், சங்கீதப் படம் எடுப்பதாக அதிகாரிகளிடம் சொல்லி, கறுப்பரின் உண்மை நிலையை ரகசியமாகப் படம்பிடித்து வந்தார். 'கம் பேக், ஆப்பிரிக்கா' என்ற அப்படத்தில் மிரியம் சில நிமிஷங்களே தோன்றி, ஷெபீன் ஒன்றில் இரண்டு பாட்டுகள் பாடுகிறார். அந்தச் சில நிமிஷங்கள் அவரை வெனிஸ் திரைப்பட விழாவுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் கொண்டுசென்றன. லண்டனில் அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபாண்டே அவரைச் சந்தித்து ஆதரித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டு மேடையிலும் அவர் பாடினார்.

அங்கே ஜனங்களை முதலில் வசீகரித்தது 'கொங்கொத்வானே' என்னும் ஹோசா மணப்பாட்டு. மணமகளின் பாக்கியத்துக்காகப் பாடப்படும் அப்பாட்டில், தட்டித் தட்டி வழி காட்டும் ஒரு வண்டு வருகிறது. ஹோசா மொழியில் நாவைச் சொடுக்கி எழுப்பும் மெய்யொலிகள் மூன்று வகை: இரக்கம் தோன்ற நாம் உச்சுக்கொட்டுவது போன்றது ஒன்று, மாடோட்டி நாவின் ஓரத்தால் எழுப்பும் ஓசை போன்றது மற்றொன்று, புட்டியிலிருந்து தக்கையைப் பிடுங்கினாற் போன்றது மூன்றாவது. நமக்கு இவை சொல்லுக்கு வெளியேயுள்ள சப்தங்கள். ஹோசாவில் இவை க, ச போல எழுத்துகளே. அண்டையில் வழங்கிய கோய்சான் மொழிகளிலிருந்து இவை அம்மொழியிற் புகுந்தன. பாட்டின் பெயரைச் சொல்லவராத ஆங்கிலேயர் அதைச் 'சொடுக்குப் பாட்டு' என்று அழைத்தார்கள். மிரியம் மேடையில் நின்று, இது வித்தையன்று, எங்கள் மொழி என்று பொறுமையாக விளக்கிவிட்டே பாடுவார். வேடிக்கைப் பொருளாகிவிடும் அபாயத்திலிருந்து தம் மொழியைக் காப்பது அவருடைய கச்சேரியின் ஓர் அங்கமாயிற்று.

1960 மார்ச் 21ஆம் தேதி ஷார்ப்வில்லில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள்மீது போலீஸார் சுட்டதில் 69 பேர் மாண்டார்கள். அவ்வாண்டிலேயே தாய் கிறிஸ்டினா காலமானார் என்ற செய்தி வந்தது. இறுதிச் சடங்குக்குப் போக வேண்டித் தம் நாட்டுத் தூதரகத்தை அணுகியபோது, தம் கடவுச்சீட்டு ரத்துசெய்யப்பட்டதை மிரியம் அறிந்தார். ஆறு மாதம் தன்னோடு சிறையிலிருந்த தாயின் முகத்தைக் கடைசியாகக் காணும் பாக்கியம் மகளுக்கு மறுக்கப்பட்டது. எவ்வளவு படித்தாலும் இந்த ஒரு நிகழ்ச்சியை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

அதன்பின் அவர் அரசாங்கத்தை எதிர்த்து வெளிப்படையாகப் பேசலானார். 1963இல் ஐக்கிய நாடுகள் சபையின் இன ஒதுக்கல் எதிர்ப்புக்கான விசேஷக் கமிட்டியின் முன் சாட்சியம் அளித்து, தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்கலாகாது என்றும், அந்நாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்றும் வேண்டினார். (அக்கமிட்டியின் முதன்மைச் செயலாளராக இருந்து உழைத்த இ. எஸ். ரெட்டி, சென்னைச் சர்வகலாசாலையில் பயின்றவர் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நலம். தென்னாப்பிரிக்காவின் இனக்கொடுமையை 1946இலேயே ஐ.நா. சபைக்குக் கொண்டுசென்ற தேசமும் இந்தியாவே.) அரசாங்கம் அவருடைய குடியுரிமையைப் பறித்தது, அவர் இசைத்தட்டுகள் தாய்நாட்டில் தடைசெய்யப்பட்டன. எந்த ஜனங்களோடு சேர்ந்து பாடக் கற்றாரோ அந்த ஜனங்களே அவர் குரலைக் கேட்கக்கூடாதென்றாயிற்று. தனிப்பாடகி மிரியம் மக்கேபா பிறந்தது அப்போதுதான் என்று நான் கருதுகிறேன்.

வெற்றிகள் வந்தன. பெலஃபாண்டேயுடன் 1965இல் வெளியிட்ட தட்டுக்கு மறு ஆண்டு கிராமி பரிசு கிடைத்தது. 1967இல் 'பாட்டா பாட்டா' அமெரிக்கப் பட்டியலில் 12ஆம் இடம்வரை ஏறி உலகமெங்கும் ஒலித்தது. அது ஐம்பதுகளில் ஜோஹானஸ்பர்க் குடியிருப்புகளில் ஆடிய ஒரு நடனத்தின் பாட்டு. 'தொடு, தொடு' என்பது பொருள். அதை ஒரு சாமானியமான பாட்டாகவே மதித்த மிரியம், தாம் பாடிய எத்தனையோ கனமான பாட்டுகளை விட்டு உலகம் இதையே பற்றிக்கொண்டதை எண்ணி வருந்தியதுண்டு. அவர் வருத்தம் நியாயமானது. எனினும் நான் சற்று மாறுபடுகிறேன். அப்பாட்டில் அவர் பின்னே ஒலிக்கும் பெண்குரல்களைக் கவனித்தால், இழந்துபோன ஸ்கைலார்க்ஸின் எதிரொலி அங்கே கேட்கிறது.

1968இல் கறுப்பர் உரிமை வீரர் ஸ்டோக்லி கார்மைக்கேலை மணந்ததும் அமெரிக்காவில் அவருடைய கச்சேரிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. இருவரும் கினி நாட்டில் குடியேறினார்கள். அந்நாட்டின் பிரதிநிதியாக ஐ.நா. சபையிலும் அவர் பேசினார். 1985இல் மகள் போங்கி பிரசவத்தில் இறந்தார். புத்திர சோகத்தோடு ஐரோப்பாவுக்குப் பெயர்ந்த தாய், 1988இல் 'சங்கோமா' என்னும் தட்டை வெளியிட்டார். சிறுவயதில் தம் தாயிடம் கேட்ட சடங்குப் பாட்டுகள் அதிலே உள்ளன. விருதும் பட்டியலும் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஐம்பத்தாறு வயதில், அடக்கம் செய்யப் போகமுடியாத தாய்க்கு மகள் செய்த கடன் அது என்றே நான் கேட்கிறேன். 1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையடைந்தார். அவருடைய வற்புறுத்தலின்பேரில் அவ்வாண்டு ஜூன் மாதம், முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பிரிவின்பின், பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் மிரியம் தாய்நாட்டு மண்ணை மிதித்தார்.

இத்தாலியில் காஸ்தெல் வொல்துர்னோ என்னும் ஊரில், கொலைக்கூட்டத்தாரால் மிரட்டப்பட்ட எழுத்தாளர் ரொபெர்த்தோ சவியானோவுக்கு ஆதரவாக நடந்த கச்சேரியில், 2008 நவம்பர் 9ஆம் தேதி இரவு, 'பாட்டா பாட்டா'வைப் பாடி முடித்தபின் மிரியம் மயங்கி விழுந்து மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 76. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவ்வூரில் ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்த ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள்.

இவரை முதன்முதலாகக் கேட்க விரும்பும் வாசகர்களை நான் வேண்டுவது ஒன்றே: எங்கும் கிடைக்கும் அந்தப் பிரசித்தமான பாட்டைச் சற்றே ஒத்திவைத்து, 1956 முதல் 1959 வரை ஸ்கைலார்க்ஸ் குழுவினர் பதிந்தவற்றை முதலில் தேடிக் கேளுங்கள், அதன்பின் 'சங்கோமா'வைக் கேளுங்கள்.